எழுபத்து மூன்றாம் பக்கம்

கொழும்பிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
மேன்முறையீட்டு நீதிமன்றம் கேட்கிறது:
எழுபத்து மூன்றாம் பக்கம், பதினோராம் வரி,
சாட்சி சொன்ன தமிழ்ச்சொல் எது?
அதன் பொருள் யாது?

பதினாறு வருடமாக
யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்துச் சாட்சியங்களை
ஆங்கிலமாக்கி அனுப்புகிறவன் நான்.
அழுகைக்கு ஓர் அடைப்புக்குறி.
மௌனத்துக்கு மூன்று புள்ளி.
ஐயோவுக்கு ஒன்றும் போடுவதில்லை.

வழக்கேட்டை இறக்கித் தூசி தட்டினேன்.
பாஷையூர், ஐஸ் கொம்பனிப் பின்னொழுங்கை,
இரவு ஏழே முக்கால்.
அறுத்த வலை பற்றிய தகராறு.
இறந்தவர் பெனடிக்ற் றெஜினோல்ட், வயது முப்பத்து நான்கு,
வெட்டுக்காயங்கள் பதினேழு.
எதிரிகள் ஐவர்.

எங்கள் நீதிமன்றத் தமிழில்
குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்று பெயர்.
யாருக்கு எதிரி என்று யாரும் கேட்பதில்லை.

கண்கண்ட சாட்சி ஒருவர்தான்.
மெற்றில்டா. இறந்தவரின் மனைவி.

ஒழுங்கையில் வெளிச்சம் இருந்ததா?
ஐஸ் கொம்பனி லைற் எரிஞ்சது.
ஐந்து பேரையும் கண்டீரா?
அஞ்சு பேரும் தெரிஞ்சவை.

தெரிஞ்சவை.

கண்ணுக்குத் தெரிந்தார்கள் என்றால்
ஐந்து உருவம், பத்துக் கை, அவ்வளவுதான்.
இன்னார் என்று தெரிந்தது என்றால்
ஐந்து பெயர், ஐந்து தூக்கு.
முன்பே தெரிந்தவர்கள் என்றால்
பாஷையூரில் ஆர்தான் தெரியாதவை?
அந்தோனியார் கொடியேற்றத்துக்கு
ஒரே கயிறு பிடித்தவை.

நான் நடுப்பொருளை எடுத்தேன்.
ஏனென்று இப்போது யோசிக்கிறேன்.
அன்று வெள்ளிக்கிழமை.
நாலரைக்குக் கடைசிப் பருத்தித்துறை மினிபஸ்.

தீர்ப்பு நாள் நினைவிருக்கிறது.
மரண தண்டனை வாசிக்கையில்
மன்றில் விளக்கை அணைப்பார்கள், விசிறியை நிறுத்துவார்கள்.
மார்கழி மூட்டம்.
கூண்டுக்கும் எனக்கும் பன்னிரண்டடி.
ஐந்து பேரும் தெரிந்தார்கள்.
நாலாவது அருள்சீலனா, அவன் தம்பியா?
சட்டைக் கொலரை வைத்து எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன்.
விளக்குப் போட்டார்கள்.
பிழை.

ஆனால் கூண்டில் நின்ற எவனும்
என் புருஷனை வெட்டியவன் அல்ல.
குறுக்கு விசாரணையில் சட்டத்தரணி கேட்டார்,
பயத்தில் கண்ணை மூடிவிட்டீர் அல்லவா?
மெற்றில்டா சொன்னது எண்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது:
நான் மூடினா, பிறகு ஆர் அவரைப் பாக்கிறது?

இந்த வரிக்குக் கொழும்பு ஒன்றும் கேட்கவில்லை.

சாட்சியோடு கதைக்கக்கூடாது. மீன் வாங்கலாம்.
ஞாயிறு விடிய பாஷையூர்ச் சந்தைக்குப் போனேன்.
ஓரா மீனைக் கூறு கூறாகக் குவித்திருந்தாள்.
கையில் செதிள். தலை நிமிரவில்லை.
விலை கேட்டேன்.
குரலில்தான் பிடித்தாள்.
நீங்கள் கோட்டிலை எழுதுற ஆள் எல்லோ?
ஓம், என்னைத் தெரியுமோ என்றேன்.
தெரியும் என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
மிச்சக் காசில் இருபது ரூபாய் கூடவிருந்தது.
திருப்பிக் கொடுத்தேன், எண்ணாமல் வாங்கினாள்.

திங்கட்கிழமை பதில் எழுதினேன்.
சொல்: தெரிஞ்சவை.
பொருள் என்ற இடத்தில்
ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு
மூன்றையும் எழுதினேன்.
என் பெயர், பதவி, திகதி, முத்திரை.
இரண்டாவதின் கீழ்
இதையே முன்னர் மொழிபெயர்த்தேன் என்றும்
சிறிதாய் ஒரு வரி.

இன்று கடிதம் திரும்பி வந்திருக்கிறது.
ஓரத்தில் சிவப்பு மையில் யாரோ:
ஒரு பொருளை மட்டும் குறிப்பிடுக.